காய்ச்சல் கண்ட ஊருக்கு யார் வந்தார்? - 1934 மலேரியாவும் மக்கள் பிரதிநிதிகளும்

கொள்ளை நோய்களின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவோ, கிருமிகளின் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை மரணம் என்ற கணக்கோடு பெரும்பாலான நூல்கள் நிறைவுபெற்றுவிடுகின்றன. மக்களின் வாக்கைப் பெற்றுச் சபைக்குச் சென்றவர் அந்த நாட்களில் எங்கிருந்தார், தம்மைத் தெரிவுசெய்த மக்களுக்கு என்ன சொன்னார், அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு என்ற கேள்விகளை எழுப்புவோர் மிகச் சிலரே. ஆனால் நோய் தணிந்த பின்னர், அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிக்குச் செல்லும் சாதாரண மனிதர் இக்கேள்விகளை மறந்துவிடுவதில்லை.

இலங்கையைப் பொறுத்தவரை இக்கேள்வி முதன்முதலாகக் கூர்மையாக எழுந்தது 1934-35ஆம் ஆண்டுகளின் பெரும் மலேரியாத் தொற்றின் போதாகும். அதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னர்தான் நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்திருந்தது. வாக்களிக்கும் உரிமை என்பது வெறும் சடங்கா, அல்லது வாக்குப் பெற்றவர் வாக்களித்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய ஓர் உறவா என்பதற்கான முதற் பரீட்சை அது எனலாம்.

1918இல் கேட்பதற்கு ஆளில்லை

மலேரியாவுக்கு முன்னர் இலங்கை கண்ட பெருந்தொற்று, 1918இல் உலகையே உலுக்கிய இன்புளுவென்சாக் காய்ச்சலாகும். அக்காலத்தில் கொழும்பில் சட்ட நிரூபண சபை ஒன்று இருந்தது. அதில் உத்தியோகப் பற்றுள்ள அங்கத்தவர் 11 பேர். உத்தியோகப் பற்றற்றோர் 10 பேர். அந்தப் பத்துப் பேரிலும் அறுவர் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்கள். தேர்தல் மூலம் வந்தவர்கள் நால்வர் மட்டுமே. அவர்களுள் ஐரோப்பியருக்கு இருவர், பறங்கியருக்கு ஒருவர் போக, எஞ்சிய ஒரே ஆசனம் 'கற்ற இலங்கையர்' ஆசனமாகும். 1911இல் அந்த ஆசனத்தை வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1918இலும் அந்த ஆசனம் அவரிடமே இருந்தது.

இராமநாதனின் நாவன்மையும் துணிவும் யாவரும் அறிந்தவை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் சிங்களத் தலைவர்களுக்காக அவர் எழுப்பிய குரலை வரலாறு பதிவுசெய்திருக்கிறது. ஆனால் அவருக்குரிய வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவானவர்களே. ஆங்கிலக் கல்வியும் சொத்தும் வருமானமும் உடைய ஆடவர்கள் அவர்கள். அந்த ஆண்டு காய்ச்சலில் மாண்ட கமக்காரருக்கும், தோட்டத் தொழிலாளருக்கும், நகரத்துக் கூலிகளுக்கும் சபையில் தமக்கென்று சுட்டிக்காட்டக்கூடிய ஒரு மனிதர் இல்லை. எனவே, எங்கள் பிரதிநிதி எங்கே என்று அவர்கள் கேட்க முடியவில்லை. கேட்பதற்கான உரிமையே பிறந்திராத காலம் அது.

வாக்கு வந்தது; மொழி வரவில்லை

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் இந்த நிலையைத் தலைகீழாக மாற்றியது. 21 வயது நிறைந்த ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டு, அவர்களில் பெருந்தொகையினர் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதை இங்கு மறந்துவிடலாகாது. எனினும் ஆசியாவிலே ஒரு குடியேற்ற நாட்டுக்கு அக்காலத்தில் இது பெரும் பாய்ச்சலாகும்.

புதிய சபைக்கு அரசாங்க சபை என்று பெயர். தெரிவுசெய்யப்பட்டவர் 50 பேர், நியமன உறுப்பினர் 8 பேர், அரச உத்தியோகத்தர் 3 பேர் என்று மொத்தம் 61 பேர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்காரத்தால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1931இல் வெறுமையாகக் கிடந்தன. 1934இல் நடைபெற்ற இடைத்தேர்தல்களின் மூலமே ஜீ.ஜீ. பொன்னம்பலம், ஏ. மகாதேவா முதலியோர் சபைக்குச் சென்றனர். ஆகவே மலேரியாத் தொற்று மூண்ட ஆண்டே யாழ்ப்பாணத்தின் உறுப்பினர்கள் சபையில் அமர்ந்த முதலாவது ஆண்டுமாகும்.

இச்சபையின் அமைப்பில் ஒரு விசேடம் உண்டு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவு அங்கு இருக்கவில்லை. உறுப்பினர்கள் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் ஒரு திணைக்களத் தொகுதியை மேற்பார்வை செய்தது. குழுவின் தலைவரே மந்திரியானார். சுகாதாரக் குழுவின் தலைவர் ரி.பி. பானபொக்க, விவசாய, காணிக் குழுவுக்கு டி.எஸ். சேனநாயக்க, தொழில், கைத்தொழில், வர்த்தகக் குழுவுக்குப் பெரி. சுந்தரம். ஆக, சாதாரண உறுப்பினரும் ஏதோ ஒரு குழுவில் அமர்ந்து நிருவாகத்தில் பங்கெடுத்தார். "அரசாங்கம் செய்யவில்லை, நான் என்ன செய்ய?" என்று கைவிரிக்கும் வாய்ப்பு அவருக்கு இந்த அமைப்பில் மிகக் குறைவு. அதே வேளை நிதியின் கடிவாளம் நிதிச் செயலாளரான வெள்ளைக்கார உத்தியோகத்தரின் கையில் இருந்தது என்பதும் உண்மை. பொறுப்பு எல்லோருக்கும் உரியது, பணம் ஒருவரின் கையில் என்ற இந்த இரட்டை நிலை நோய்க் காலத்தில் பெரும் இடராயிற்று.

வேறொரு குறையும் இருந்தது. வாசிக்கத் தெரியாதவரும் வாக்களிக்கத்தக்கதாக வேட்பாளருக்கொரு நிறத்தில் வாக்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பச்சைப் பெட்டியா, சிவப்புப் பெட்டியா என்று பார்த்து வாக்குச் சீட்டை உள்ளே போட்டால் போதும். ஆனால் அந்த வாக்கால் சபைக்குச் சென்றவர் அங்கு பேசியது ஆங்கிலத்தில். ஹன்சார்ட் அச்சானதும் ஆங்கிலத்தில். நிறத்தைப் பார்த்துத் தெரிவுசெய்ய வழிசெய்த அரசியலமைப்பு, தெரிவானவர் என்ன பேசினார் என்று வாக்காளர் அறிய வழிசெய்யவில்லை. வானொலி அப்போது வசதி படைத்த சிலரின் வீட்டுப் பொருள். 1930இல் வீரகேசரியும் ஈழகேசரியும், 1932இல் தினகரனும் தோன்றியிருந்தன. சிங்களத்தில் தினமின நீண்ட காலமாக வெளிவந்துகொண்டிருந்தது. ஆனால் காய்ச்சலில் முடங்கிக் கிடந்த கேகாலைக் குக்கிராமங்களுக்குப் பத்திரிகை சென்றதும் குறைவு. சென்றாலும் அதை வாசிக்கக்கூடியவர் தொகை அதனினும் குறைவு.

வற்றிய ஆறுகள்

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகக் கரைபுரண்டு ஓடும் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணற்படுகையில் ஆங்காங்கே தெளிந்த நீர்க்குட்டைகள் தேங்கின. வெயில் படும் தெளிந்த நீரில் பெருகுவது அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பின் இயல்பு. நல்ல மழையுள்ள ஆண்டுகளில் ஆற்று வெள்ளம் அதன் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டு அடித்துச்செல்ல வெள்ளம் இல்லை. வறட்சியே நுளம்புக்கு வாழ்வளித்தது.

வன்னியிலும் வடமத்தியிலும் மலேரியா நிரந்தரக் குடியிருப்பாளி. அங்குள்ள மக்கள் சிறுவயது முதல் அக்காய்ச்சலோடு போராடி, உயிர் தப்பியவர்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தியைப் பெற்றிருந்தனர். ஆனால் கேகாலை, குருநாகல் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த கண்டி, கொழும்பு மாவட்டப் பகுதிகளையும் சேர்ந்த மக்களுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. 1934 ஒக்டோபர் மாத இறுதியில் மூண்ட காய்ச்சல் டிசம்பரிலும் ஜனவரியிலும் உச்சத்தை எட்டியது. சில மாதங்களுக்குள் சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்காகும். அன்றைய இலங்கையின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். மாண்டவர்களுள் குழந்தைகளும் சிறுவர்களும் பெருந்தொகையினர்.

இதற்குப் பின்னணியாக மற்றொரு துயரமும் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930களின் தொடக்கத்தில் இறப்பர், தெங்கு விலைகள் வீழ்ச்சியடைந்தன. கேகாலைக் கிராமத்தவர் பலர் அண்டைத் தோட்டங்களில் கிடைத்த கூலி வேலையை நம்பி வாழ்ந்தவர்கள். அந்த வேலை அருகிப்போனது. வறட்சியால் வயலும் பொய்த்தது. காய்ச்சல் வந்தபோது அவர்களின் உடலில் அதைத் தாங்கும் வலு இருக்கவில்லை.

கொழும்பில் பேசப்பட்டதும் கிராமத்தில் தெரிந்ததும்

மருத்துவத் திணைக்களம் வாளாவிருந்தது என்று சொல்வது நியாயமாகாது. திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த டொக்டர் றூப்பேட் பிரயர்கிளிவ் தற்காலிக வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் திறப்பித்தார். கொயினா மருந்து ஊர் ஊராக விநியோகிக்கப்பட்டது. இந்தியாவில் மலேரியா ஆய்வில் பெயர்பெற்ற சீ.ஏ. கில் என்பவர் வந்து ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்க எச்.ஈ. நியூன்ஹாம் ஆணையாளராக நியமிக்கப்பட்டார். இம்மூவரின் அறிக்கைகளும் பின்னர் அரசாங்கத்தின் அமர்வறிக்கைகளாக அச்சிடப்பட்டன. வரலாற்று மாணவருக்கு அவை இன்றும் பெரும் புதையல்.

ஆனால் அந்த அறிக்கைகள் யாருக்காக எழுதப்பட்டவை என்று பார்த்தால், சபைக்கும் தேசாதிபதிக்கும் லண்டனுக்குமாகவே எழுதப்பட்டவை. தகவல் கீழிருந்து மேலே சென்றது. விதானையிடமிருந்து ரட்டே மாத்தயாவுக்கும், அவரிடமிருந்து கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து கொழும்புக்கும் அது ஏறிச் சென்றது. மேலிருந்து கீழே வந்தவை கொயினாவும் கட்டளையும். இந்தக் காய்ச்சல் ஏன் வந்தது, எவ்வளவு காலம் நீடிக்கும், மருந்தை எத்தனை நாள் உட்கொள்ள வேண்டும், இடையில் நிறுத்தினால் என்ன நேரும், அரசாங்கத்திடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பவற்றை அம்மக்களுக்கு அவர்களின் மொழியில் எடுத்துரைக்கும் பொறுப்பு எந்த உத்தியோகத்தருக்கும் உரியதாக வரையறுக்கப்படவில்லை. உண்மையில் அது மக்கள் பிரதிநிதியின் வேலை. கச்சேரிக்கும் குடிசைக்கும் இடையில் நின்று இரு பக்கமும் பேசக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

சபையின் உறுப்பினர் பலர் நல்லவர்கள், படித்தவர்கள், தம் ஊர்களில் தனிப்பட்ட முறையில் அறம் செய்தவர்கள். ஆனால் அவர்களிற் பெரும்பாலானோர் நிலவுடைமைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தொகுதி என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தம்மைக் கும்பிட்டு நின்ற ஊர். ஊரவருக்கு உதவலாம், ஊரவருக்குக் கணக்குக் காட்டுவது என்ற எண்ணம் அவர்களுக்குப் புதியது. வாக்குரிமை மூன்று ஆண்டுகளில் வந்துவிடும். அந்த மனப்பழக்கம் மூன்று ஆண்டுகளில் மாறிவிடாது.

பசியும் ஒரு நோய்தான்

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் சூரியமல் இயக்கத்தவர். முதலாம் உலகப் போர் நினைவாக நவம்பர் 11ஆந் திகதி விற்கப்பட்ட பொப்பி மலருக்கு எதிராக, நாட்டின் சூரிய மலரை (பூவரசம் பூவை) சின்னமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இயக்கம் அது. பொப்பி மலர் விற்ற பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் செல்கிறது. எங்கள் மலர் விற்ற பணம் எங்கள் நாட்டு ஏழைகளுக்கே என்பது அவர்களின் வாதம். ஆங்கிலேயப் பெண்மணியும் கொழும்பில் பாடசாலை அதிபராக இருந்தவருமான டொறீன் யங் விக்கிரமசிங்க அதன் முன்னணியில் நின்றார். அவருடைய கணவர் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க மொறவக்க தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர். கலாநிதி என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன போன்ற இளைஞர்கள் அவர்களுடன் இணைந்திருந்தனர்.

டொக்டர் விக்கிரமசிங்க சட்டசபை உறுப்பினர், வைத்தியர் என்ற இரண்டு தகுதிகளையும் ஒருங்கே உடையவர். அவருடைய தொகுதி தெற்கே மாத்தறைப் பகுதியில் இருந்தது; தொற்றின் கொடுமையோ கேகாலையில். தமக்கு வாக்களியாத மக்களிடம்தான் அவர் சென்றார். இயக்கத்தவர் கேகாலைக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினர். மருந்தோடு அரிசி, பருப்பு, பால் என்பவற்றையும் கொண்டுசென்றனர். நலிந்த உடல்களைத் தேற்ற மாமைற் என்னும் சத்துப் பொருளும் அக்காலத்தில் பயன்பட்டது. மருந்து மட்டும் போதாது, பசித்த உடலில் கொயினா வேலை செய்யாது என்பது அவர்கள் கண்ட நேரடி உண்மை. மழையும் நுளம்பும் பற்றி நிபுணர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, நீண்ட காலப் பட்டினியே இத்தனை மரணங்களுக்குக் காரணம் என்று இவர்கள் வாதிட்டனர்.

இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் இரு தரப்பும் ஒவ்வொரு பாதி உண்மையைப் பிடித்திருந்தன எனலாம். தொற்று மூண்டதற்கு வறட்சியும் நுளம்பும் எதிர்ப்புச் சக்தியின்மையும் காரணம். மூண்ட தொற்று இத்தனை உயிர்களைக் கொள்ளை கொண்டதில் பசிக்கும் பங்குண்டு. ஆனால் அரசியல் ரீதியில் நோக்கும்போது இரண்டாவது உண்மையின் எடை வேறு. நுளம்பு காரணம் என்றால் அது விதி. பட்டினி காரணம் என்றால் அதற்கு யாரோ பதில் சொல்ல வேண்டும். கிராமத்தவரின் முன்னால் அமர்ந்து, இது தெய்வக் குற்றமல்ல, உன் கர்மமும் அல்ல, உனக்கு வேலையும் உணவும் இல்லாமற் போனதுதான் காரணம் என்று சொல்ல வந்தவர்கள் இவர்கள். அதுவே மருந்தை விடவும் நீண்ட காலம் நிலைத்தது.

1936: வாக்காளரின் பதில்

1935 டிசம்பர் 18ஆந் திகதி லங்கா சமசமாஜக் கட்சி உதயமாயிற்று. சூரியமல் இயக்கத்தில் வேலை செய்தவர்களே அதன் கருவாக இருந்தனர். இரண்டு மாதங்களுக்குப் பின்னர், 1936 பெப்ரவரி - மார்ச் மாதங்களில் அரசாங்க சபைக்கான இரண்டாவது பொதுத்தேர்தல் நடைபெற்றது. கேகாலை மாவட்டத்தின் றுவன்வெல்ல தொகுதியில் என்.எம். பெரேராவும், அதை அடுத்த அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும் வெற்றி பெற்றனர்.

றுவன்வெல்ல சாமானிய தொகுதியன்று. மீதெனிய, மொலமூரே என்னும் பெருங்குடும்பங்களின் செல்வாக்கு வேரூன்றியிருந்த இடம். 1931இல் முதலில் ஜே.எச். மீதெனிய அதிகாரமும், அவர் மறைந்ததும் அவருடைய மகள் அட்லின் மொலமூரே அம்மையாரும் அங்கு தெரிவாகினர். இலங்கைச் சட்டசபையின் முதலாவது பெண் உறுப்பினர் என்ற பெருமை அவ்வம்மையாருக்குரியது. என்.எம். பெரேராவோ கொழும்பைச் சேர்ந்தவர். லண்டனில் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அத்தொகுதியில் அவருக்கு நிலமும் இல்லை, உறவும் இல்லை. மலேரியா நாட்களில் பருப்பும் மருந்தும் சுமந்து வந்தவர் என்பதே அம்மக்கள் அறிந்த அவருடைய முகவரி. 'பருப்பு மாத்தயா' என்ற பெயர் அவருக்கு அந்நாட்களில்தான் ஒட்டிக்கொண்டது என்பர்.

வெற்றிக்கு மலேரியா நிவாரணம் ஒன்றே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுவது மிகையாகும். பிலிப் குணவர்த்தன அவிசாவளைப் பகுதியின் பிரபல குடும்பத்தில் பிறந்தவர். தொழிலாளரிடையே எழுந்த விழிப்பும், இளைஞர்களின் உழைப்பும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. மேலும், தொற்றுக் காலத்தில் களத்தில் நின்ற டொக்டர் விக்கிரமசிங்க அதே தேர்தலில் மொறவக்க தொகுதியில் தோல்வியுற்றார். அவர் தொண்டாற்றிய கிராமங்களின் வாக்குகள் அவருடைய தொகுதிக்கு உரியவை அல்ல. நன்மை செய்தவர் எல்லோரும் வெல்வர் என்று வரலாறு எங்கும் உறுதி தரவில்லை. ஆயினும், பரம்பரை மரியாதையை விலக்கிவைத்து, கடும் நாட்களில் தம் வாசலுக்கு வந்தவரைக் கிராமத்து வாக்காளர் தெரிவுசெய்யக்கூடும் என்பதை 1936 எடுத்துக்காட்டிற்று. அந்தத் தேர்தலுக்குப் பின்னர் எந்த உறுப்பினரும் தொகுதியைத் தம் வளவு என்று எண்ணி நிம்மதியாக இருக்க முடியவில்லை.

அதன் பயன்கள் கட்சி எல்லை கடந்தவை. 1926இல் களுத்துறையில் றொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை, தொற்றின் பின்னர் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் விரிவடைந்தது. கிராமத்து வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் பெருகின. தன் தொகுதிக்கு ஓர் ஆஸ்பத்திரி கேட்பது ஒவ்வோர் உறுப்பினரின் முதற் கடமையாயிற்று. 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய டீ.டீ.ரீ. தெளிப்பு மலேரியாவை விரைந்து குறைத்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாகினர். பின்னர் அசட்டை காரணமாக 1960களின் இறுதியில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. ஈற்றில் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. இந்த வெற்றியின் வேர் 1934இன் புதைகுழிகளில் இருக்கிறது.

2020இல் சபையே இல்லை

எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கொவிட்-19 வந்தது. இப்போது மூன்று மொழிகளிலும் ஹன்சார்ட் உண்டு. சபை அமர்வுகளைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்க்கலாம். ஒவ்வோர் உறுப்பினரின் கையிலும் கைத்தொலைபேசி உண்டு. 1934இல் குறையாக இருந்த வசதிகள் யாவும் நிறைந்திருந்தன. ஆனால் சபை இருக்கவில்லை.

2020 மார்ச் 2ஆந் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். அடுத்த வாரமே உள்நாட்டில் முதலாவது நோயாளர் இனங்காணப்பட்டார். ஏப்ரல் 25ஆந் திகதி நடைபெறவிருந்த தேர்தல் ஜூன் 20க்கும், பின்னர் ஓகஸ்ட் 5க்கும் தள்ளிவைக்கப்பட்டது. கலைக்கப்பட்ட சபையை அவசர நிலையில் மீளக் கூட்ட ஜனாதிபதிக்கு அரசியலமைப்பின் 70(7)ஆம் உறுப்புரை அதிகாரமளிக்கிறது. எதிர்க்கட்சிகள் கேட்டும் அது பயன்படுத்தப்படவில்லை. உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட மனுக்கள் ஜூன் 2ஆந் திகதி நிராகரிக்கப்பட்டன. புதிய சபை கூடியது ஓகஸ்ட் 20ஆந் திகதி. ஏறத்தாழ ஐந்தரை மாத காலம், ஊரடங்குச் சட்டம், நிவாரணம், அரச செலவு என்பன யாவும் சபையில் ஒரு கேள்வி கூட எழுப்பப்படாமல் நடந்தேறின. இராணுவத் தளபதியின் தலைமையிலான செயற்பாட்டு மையமே நாட்டுக்குத் தகவல் சொல்லும் வாயிலாயிற்று. 1934இல் தகவல் விதானை வழியாகப் போனது. 2020இல் படைத்தரப்பு வழியாக வந்தது.

சபை கூடிய பின்னரும் நிலைமை பெரிதும் திருந்திவிடவில்லை. நோயை விரட்டவென்று சுகாதார அமைச்சர் ஆற்றில் குடங்களை விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் தயாரித்த பாணியை அமைச்சர் பகிரங்கமாக அருந்தினார். அதைப் பெற ஆயிரக்கணக்கானோர் தொற்றுத் தடுப்பு விதிகளையும் மறந்து கேகாலையில் திரண்டனர். மறுமாதமே அமைச்சருக்குத் தொற்று உறுதியானது. 1934இல் கேகாலைக் கிராமத்தவருக்கு, இது கர்மம் அன்று, பசி என்று சொல்ல வந்தவர்கள் இருந்தனர். 2020இல் அதே கேகாலைக்கு மக்கள் பிரதிநிதிகள் அனுப்பிய செய்தி எதுவென்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இதனினும் கொடியது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட விவகாரம். கொவிட்டால் மாண்டோரின் உடல்களைத் தகனம் செய்வது 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற காரணம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கம் அனுமதிக்கப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோரிற்று. பிள்ளையின் உடலை நெருப்புக்குக் கொடுத்த தாய்க்கு அந்த மன்னிப்பு எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. சபை தொடக்கத்திலிருந்தே கூடியிருந்தால் இந்தக் கட்டளை இப்படியே நின்றிருக்கும் என்றோ, மாறியிருக்கும் என்றோ உறுதியாகக் கூற இயலாது. ஆனால் ஏப்ரல் மாதமே அதற்கான ஆதாரத்தைச் சபையில் எழுந்து கேட்கும் உரிமை உள்ளவர் எவரும் இருந்திருக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

கொள்ளை நோய்க் காலத்தில் மக்கள் பிரதிநிதியிடம் மக்கள் எதிர்பார்ப்பது மருந்து கண்டுபிடிப்பதை அன்று. அது வைத்தியரின் வேலை. எத்தனை பேர் நோயுற்றனர், என்ன இருக்கிறது, என்ன இல்லை, அடுத்து என்ன நடக்கும் என்பவற்றை உள்ளது உள்ளபடி தம் மொழியில் சொல்ல வேண்டும். தம்மிடம் கேட்டறிந்ததைச் சபையில் போய்க் கேட்க வேண்டும். இவ்விரண்டும்தான். பருப்புப் பொட்டலத்தைத் தேர்தல் காலத்தில் எவரும் கொடுப்பர். 2020இலும் பலர் கொடுத்தனர். 1934இல் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்த விளக்கமும், பின்னர் அது சபையில் கேள்வியாக ஒலித்ததுமே அந்தத் தொண்டை அரசியலாக்கின.

இன்றைக்கும் நமது அரசியலமைப்பில், நாடு தழுவிய தொற்றுநோயின் போது சபை கூடியே ஆகவேண்டும் என்ற கட்டாய விதி கிடையாது. கலைக்கப்பட்ட சபையை மீளக் கூட்டுவதும் கூட்டாமல் விடுவதும் ஜனாதிபதியின் முடிவிலேயே தங்கியுள்ளது. புதிய அரசியலமைப்புப் பற்றி அவ்வப்போது பேசப்படுகிறது. அதிகாரப் பகிர்வும் நிறைவேற்று அதிகாரமும் விவாதிக்கப்படுகின்றன. அந்த விவாதங்களின் பட்டியலில் இந்தச் சிறு விதியையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அடுத்த காய்ச்சல் எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது. வரும்போது கேள்வி கேட்க ஒரு சபை திறந்திருக்க வேண்டும்.